ஊக்குக் கணக்கு

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில், ஓயாத ரத்தப்போக்குக்காக என் பக்கத்தில் காத்திருந்தவர் கரியாலூர் மலைப் பக்கத்துப் பெண். தாலிக்கயிறே தெரியாத அளவுக்கு அதில் ஊக்குகள். எனக்கும் அதே தொல்லைதான். ஆனால் நான் படித்தவள். ஹார்மோன் மாத்திரையா, உள்ளே வைக்கும் ஹார்மோன் லூப்பா, கர்ப்பப்பையையே எடுத்துவிடுவதா என்று நான்கு தாளில் கட்டம் போட்டு ஒப்பிட்டு வந்திருந்தேன். கேட்காமலேயே அவருக்கு வாசித்தும் காட்டினேன்.

இருவரையும் சேர்த்தே உள்ளே கூப்பிட்டார்கள். "போன மாசம் எத்தனை நாள் பட்டது? கட்டி விழுந்ததா?" என்று டாக்டர் முதலில் என்னைக் கேட்டார்.

"நிறைய, டாக்டர்."

அந்தப் பெண்ணோ தாலிக்கயிற்றை நீட்டினார். "பட்ட நாளுக்குச் சின்ன ஊக்கு, கட்டி வுழுந்த நாளுக்குப் பெரிசுங்க."

டாக்டர் எண்ணினார், ஸ்கேனைப் பார்த்தார், அவருக்கு ஹார்மோன் மாத்திரை எழுதினார். எனக்கு இரும்புச்சத்து மாத்திரை தந்து, நாள் எண்ணிக்கொண்டு வரச் சொன்னார்.

வெளியே வந்தும் விடவில்லை நான். "ஆபரேஷனே பண்ணிக்கலாமே?"

"சாமை அறுப்புக்குக் குனியணும்க்கா. ஊக்கு கம்மியாவலன்னா அப்பால கர்ப்பப்பைய எடுத்துக்கினா போச்சு." பெரிதும் சிறிதுமாகச் சில ஊக்குகளைக் கழற்றி என் கையில் வைத்தார். "நீயும் குத்திக்கினு வாக்கா."

வீட்டுக்கு வந்ததும், அதில் ஒன்றால் அந்த நான்கு தாள்களையும் சேர்த்துக் குத்திப் பரணில் போட்டேன். மற்றவற்றுக்கு என் தாலிக்கயிற்றில் இடம் இருந்தது. இன்றைக்குக் குத்தியது பெரிய ஊக்கு.