அம்மா சொன்ன பொய்

அந்த ஈஸ்டர் ஞாயிறு தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த பிறகு, கல்முனையில் எங்கள் வீட்டுக் கேற் பூட்டியே கிடந்தது. பூசையைத் தொலைக்காட்சியில்தான் கண்டோம். மட்டக்களப்பிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த மாமா அன்று தன் கூட்டாளியைப் பறிகொடுத்தவர். ஓரிடத்தில் இருக்கமாட்டார். விறாந்தைக்கும் முற்றத்துக்குமாக நடந்துகொண்டேயிருப்பார். காரணம் தெரியாமல் நானும் அவர் பின்னால் நடப்பேன்.

அம்மா மட்டும் காலையில் கேற்றைத் திறந்துகொண்டு பின்தெருவுக்குப் போவார். அங்கே நாங்கள் ராத்தா என்று கூப்பிடும் முஸ்லிம் பெண் ஒருவர் கைக்குழந்தையோடு தனியாக இருந்தார். கணவர் கட்டாரில், தாய்வீடு வரிப்பத்தான்சேனையில். ராத்தா குளித்து ஒரு வாய் சாப்பிட்டு முடிக்கும்வரை அம்மா குழந்தையை வைத்திருப்பார். குழந்தை பிறந்த நாளிலிருந்து அதுதான் வழக்கம்.

“குண்டு வெச்சது அவங்கட ஆக்கள்தானே. இன்னுமா அக்கா அங்க போறீங்க?” என்று மாமா கத்தினார்.

“பச்சப் புள்ளடா அது. தாய் பட்டினி கிடந்தா பாலுக்கு எங்க போகும்?”

ஒருநாள் போன அம்மா வழக்கமான நேரத்துக்குத் திரும்பவில்லை. பின்தெருவுக்குள் ராணுவ வண்டிகள் நுழையும் சத்தம் கேட்டது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மாமா தடுக்குமுன் ஓடிவிட்டேன்.

ராத்தாவின் வீட்டுக்குள் சிப்பாய்கள் அலுமாரியைத் திறந்து தேடிக்கொண்டிருந்தார்கள். ராத்தா சுவரோடு ஒட்டி நடுங்கிக்கொண்டிருந்தார். அம்மா குழந்தையைத் தோளில் போட்டபடி அவருக்கு முன்னால் நின்றார். அம்மாவின் கழுத்துச் சிலுவையைப் பார்த்த ஒரு சிப்பாய், “நீங்க இங்க என்ன செய்யிறது?” என்று கொச்சைத் தமிழில் கேட்டார்.

“இது என்ட தங்கச்சிட வீடு” என்றார் அம்மா, குரல் நடுங்காமல்.

நான் திகைத்துப்போனேன். சின்னப் பொய்க்கே என் காதைத் திருகுகிறவர் அவர்.

சிப்பாய்கள் தேடி முடித்துப் போனார்கள். வீட்டுக்கு ஓடிவந்து மாமாவிடம், “அம்மா ஆமிக்காரனுக்குப் பொய் சொல்லிட்டா” என்று எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். கதிரையில் போய் இருந்த மாமா வெகுநேரம் எழும்பவேயில்லை. மறுநாள் காலையில் அம்மாவுக்குக் கேற்றைத் திறந்துவிட்டவர் அவர்தான்.

தேவாலயம் மீண்டும் திறந்ததும் அம்மா, செய்த பாவங்களைச் சுவாமியாரிடம் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். நான் வெளியே தவித்துக்கொண்டு நின்றேன். போன வேகத்திலேயே அவர் திரும்பி வந்தார். அந்தப் பொய்யைச் சுவாமியாரிடம் சொல்லவில்லை என்பது எனக்கு உறுதியாகிவிட்டது. அம்மாவை மன்னிக்கும்படி நானே முழங்காலில் நின்று ஆண்டவரை மன்றாடினேன்.