அக்கா மூக்குக்கு ஒரு தைம் செடி

என் அத்தான் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். காய்ந்த மண்ணைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. எங்கள் மொட்டை மாடியில் இரண்டு தைம் செடிகள் செத்தது அந்தப் பாசத்தால்தான்.

செடி வந்தது அக்காவுக்காக. அவளுக்கு பேக்கரியில் அடுப்பு வேலை. ஒரு காய்ச்சலில் படுத்து எழுந்தவளுக்கு வாசனை அடியோடு போய்விட்டது. ரொட்டி கருகுவதுகூடத் தெரியாமல் போகவே, பெட்டி கட்டும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். வாய் ஓயாத அக்கா வாயே திறக்காமல் ஆனாள். எனக்கு அது பொறுக்கவில்லை. பழகிய வாசனை ஒன்றைத் தினமும் முகர்ந்து வந்தால் திரும்பக் கிடைக்கலாம், ஆனால் உறுதியில்லை என்றார் டாக்டர். அவளுக்குப் பிடித்தது ரொட்டியில் தூவுகிற தைம். ஓமத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒரு மணம் அதற்கு.

முதல் செடி அழுகியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது வாங்கப் போனபோது நர்சரிக்காரர் அத்தானை ஏற இறங்கப் பார்த்தார்.

"இது வறண்ட மலையில வளர்ற செடிங்க. மண்ணுல மணல் கலந்து, நல்ல வெயில்ல வெச்சிட்டு மறந்துடுங்க. விரல விட்டுப் பாத்து, உள்ள காஞ்சிருந்தா மட்டும் தண்ணி ஊத்துங்க."

ஊருக்கெல்லாம் தண்ணீர் கொடுக்கிறவன் சொந்த வீட்டுச் செடியைக் காயப்போடுவதா என்று வழியெல்லாம் புலம்பினார். தன்மேல் தனக்கே நம்பிக்கை இல்லாமல், பூவாளியை என் அறையில் வைத்துப் பூட்டச் சொன்னார். பூட்டினேன். மறுநாளே டம்ளரும் கையுமாக மாடிப்படியில் பிடிபட்டார்.

எப்படியோ செடி பிழைத்தது. குட்டிக் குட்டி இலைகளாகத் தொட்டி விளிம்பைத் தாண்டித் தொங்கியது. தினமும் வேலை முடிந்து வந்ததும் அத்தான் ஒரு கொத்தைக் கிள்ளி, கசக்கி, அக்கா மூக்கருகே நீட்டுவார். அக்கா முகர்ந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கி, முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அடுத்த நாளும் நீட்டுவார். பிடிவாதத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஒருநாள் அதே மாதிரி நீட்டினார். அக்கா மூக்கைச் சுளித்தாள்.

"ஏங்க, முதல்ல போய்க் குளிங்க. டீசல் நாத்தம் குடலப் புரட்டுது."

அத்தானுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும், கசங்கிய தழையோடு அப்படியே படியில் உட்கார்ந்து அழுதுவிட்டார். அக்காவும் அழுதாள், அவரைத் திட்டிக்கொண்டே.

அன்று அவர் குளிக்கப் போகவே இல்லை. இன்னொரு தரம் கையைக் காட்டுங்க, இன்னொரு தரம் என்று அக்காதான் விடவில்லை.