முந்நூறு நோட்டீஸ்கள்

பிரெஞ்சுக்காரர் காலத்துத் தமிழ் நோட்டீஸ்களை ஸ்கேன் செய்து போட்டிருந்த வெப்சைட் அது. எல்லாவற்றையும் தானாக டவுன்லோடு செய்ய நானே ஒரு கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட் எழுதினேன். ஃபைல்கள் மளமளவென்று விழுந்தபோது நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. முந்நூறாவது ஃபைலில் சைட்டே படுத்துவிட்டது. ஒவ்வொரு ஃபைலுக்கும் நடுவே சற்று இடைவெளி விட்டு இறக்கும்படி எழுத மறந்திருந்தேன்.

சைட்டில் முன்பே பார்த்துக் குறித்துவைத்திருந்த எண்ணுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். அதை நடத்தும் முத்தியால்பேட்டை அக்கா சிரித்தார்.

“சைட்ட நான் பாத்துக்கிறேன் தம்பி. மூணு வருஷமா யாரும் எட்டிப் பாக்கல. இன்னிக்கி டவுன்லோடு முந்நூறுன்னு காட்டுச்சா, ஊரே படிக்குதுன்னு நெனச்சி கேசரிக்கு ரவை வறுத்துட்டேன். அதுல எது உங்களுக்குப் புடிச்சிது?”

ஒன்றைக்கூட நான் திறந்திருக்கவில்லை.

“படிச்சிட்டுச் சொல்றேன்க்கா” என்றேன்.

முதல் ஃபைலைத் திறந்தேன். பெரிய மார்க்கெட்டில் மீன்கூடையை எங்கே இறக்க வேண்டும் என்ற உத்தரவு. இரண்டுமுறை படித்தேன். ஸ்கிரிப்ட் ஓடியபோது இருந்ததைவிட, இந்த ஒன்றைப் படித்ததில் பரபரப்பாக இருந்தது.