அழுத மூஞ்சியைத் தொட்டால்

இங்கிலாந்துக்கு வந்த புதிதில், ஷிஃப்ட்டுக்குள் நுழையும்முன் என் போனில் ஐந்து மஞ்சள் மூஞ்சிகள் வந்து நிற்கும். சிரிக்கிற மூஞ்சியில் தொடங்கி அழுகிற மூஞ்சிவரை. ஏதோ வருகைப் பதிவு என்று நினைத்து, தினமும் சிரிக்கிறதைத் தொட்டுவிட்டு வேலைக்குப் போனேன். ஒருநாள் கை தவறி அழுகிறதைத் தொட்டுவிட்டேன். வார்டு மேனேஜர் பதறிப்போய்த் தனியறைக்குக் கூப்பிட்டு, "ஆர் யூ ஓகே, லவ்?" என்றார். "எஸ், ஐ கேம் ஆன் டைம்" என்றேன் நான். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நர்ஸின் மனசு எப்படி இருக்கிறது என்று கேட்கவும் ஒரு ஆப் இருக்கும் என்று சிவகாசிக்காரிக்கு எப்படித் தெரியும்? வேண்டுமென்றால் கவுன்சலரோடு வீடியோவில் பேசலாம் என்றும் சொன்னார்.

இப்போது அதே மாதிரி ஆப் எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கும் போய்விட்டது. என் அண்ணன் மனைவி, எங்கள் மதினி, திருத்தங்கல் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டு நர்ஸ். நானும் அங்கே அவரோடு வேலை பார்த்தவள்தான். ஆர்டர் நெருக்குகிற சீசனில் ஏதாவது ஒரு பட்டாசு யூனிட் வெடிக்கும். ஆம்புலன்ஸில் வருகிறவர்களை முகத்தை வைத்து அடையாளம் தெரியாது. "அக்கா, தண்ணி" என்கிற குரலை வைத்துத்தான், அய்யோ, பக்கத்துத் தெருப் பிள்ளையாச்சே என்று கண்டுபிடிப்போம். கட்டு மாற்றிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவோம். எங்களிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை.

போன மாதம் விஸ்வநத்தம் பக்கம் ஒரு விபத்து. மதினியோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள், மதினி கண் முன்னாலேயே போய்ச் சேர்ந்தாள். அன்றிலிருந்து மதினிக்குத் தூக்கமில்லை, ஊசி போட வேறு நர்ஸைக் கூப்பிடுகிறார். வேறு வார்டுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறார், ஆளில்லை என்றுவிட்டார்கள். சரி, ஆப்பாவது கேட்கிறதே என்று அழுத மூஞ்சியைத் தொட்டிருக்கிறார். மறுநாளே ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள்.

"'எதுக்கு அழுத மூஞ்சியப் போட்டீக? நம்ம வார்டு ரிப்போர்ட்டு கெட்டுப்போகுது, மேல இருந்து கேக்காக'ன்னு ஏசுறாக, செல்வி. இப்ப அம்புட்டுப் பேரும் சிரிச்ச மூஞ்சியத்தான் போடுறோம்" என்றார் மதினி போனில்.

நல்லா இருக்கே கூத்து! அழுகிறவளைக் கூப்பிட்டு ஏன் அழுதாய் என்று ஏசுவதற்கு ஒரு ஆப், அதற்கு ஒரு திறப்பு விழா, போட்டோ வேறு. கண்துடைப்பு என்பார்களே, துடைக்கிற பாவனைகூட இதில் கிடையாது.

மனசு கேட்கவில்லை. இங்கே எனக்கென்று கவுன்சலர் நேரம் ஒன்று வாங்கி, இன்னொரு போனில் மதினியையும் வீடியோவில் கூப்பிட்டேன். மதினி சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் சொன்னேன். கூடப் படித்தவளின் வளையலை வெட்டி எடுத்ததையும் சொன்னேன். கவுன்சலர் நல்ல மனுஷிதான், கண் கலங்கினார். ஆனாலும், "ஐ ஆம் ஸோ ஸாரி, ஷி இஸ் நாட் அவர் ஸ்டாஃப்" என்றார். இந்த ஆஸ்பத்திரி ஊழியருக்கு மட்டும்தானாம். அதோடு, "உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்று என்னைக் கேட்டார். எனக்கு என்ன கேடு! தினம் தினம் வெந்த உடம்புக்குக் கட்டுப் போடுகிறவள் அந்தப் போனில் அல்லவா இருக்கிறாள்?

"அந்தம்மா என்ன சொல்றாக?" என்றார் மதினி.

"ஒரு மாசம் கண்டிப்பா லீவு போடணும்னு சொல்றாக, மதினி."

மதினி முகத்தில் ஒரு மாதம் கழித்துச் சிரிப்பைப் பார்த்தேன். "அத அப்படியே எழுதி வாங்கி அனுப்பு செல்வி. வெள்ளக்காரம்மா சொன்னா இங்கன கேப்பாக."

வலது கைப் போனில் கவுன்சலர் என் பதிலுக்குக் காத்திருந்தார். இடது கைப் போனில் மதினி அந்தக் கடிதத்துக்குக் காத்திருந்தார்.