பிரேக் டவுன் ஆனவர்

தொப்பூர் கணவாயில் லாரி நின்றுவிட்டால் ஒரு காலத்தில் முதலில் வந்து சேர்பவர்கள் இரண்டு பேர். சாலையோர ஷெட்டில் நிற்கும் மீட்பு வண்டியை நஞ்சப்பன் ஓட்டுவார். இறங்கிச் சங்கிலி மாட்டுவது அப்துல் ஷுக்கூர். அந்தத் தொழிலில் ஆளும் வண்டியும் ஒன்றுதான். "நாமக்கல்காரர் பிரேக் டவுன்" என்றால் நாமக்கல் லாரிக்கு ஆக்சில் போயிற்று என்று பொருள். நாமக்கல்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்து தக்காளிச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

மனைவி இறந்ததும் நஞ்சப்பனை மகன் நவநீதன் ஓசூருக்கு அழைத்துப் போய்விட்டான். சேலம் போகும்போதெல்லாம் அவர்கள் கார் இந்த வழியாகத்தான் போகும், நிற்காது. "அடுத்த தடவை வர்றேன் பாய்" என்று போனில் சொல்வார். ஒரு தடவையாவது அவர் தன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து எழுந்தால் போதும் என்றிருந்தது ஷுக்கூருக்கு. டீக்கடைக்குத் தனியாகப் போனாலும் வாய் தவறி ரெண்டு டீ சொல்லிவிடுவார்.

போன மாதம் ஒரு காலையில் நவநீதன் கூப்பிட்டான். "மாமா, நம்ம பழைய ஷெட்டுகிட்ட நிக்கிறோம். அப்பா பிரேக் டவுன் ஆயிட்டாரு. கொஞ்சம் வர்றீங்களா?"

ஷுக்கூர் வேறெதுவும் கேட்கவில்லை. ஸ்பானர் பையையும் இழுவைக் கயிற்றையும் பைக்கில் கட்டிக்கொண்டு கிளம்பினார். வழியெல்லாம் ரேடியேட்டரா, பெல்ட்டா என்றே யோசனை.

கார் ஓரமாக நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பானட்டில் கை வைத்தவரை நவநீதன் தடுத்தான்.

"வண்டிக்கு ஒண்ணுமில்லீங்க மாமா. அப்பாதான். அழுவுறாரு."

"பிரேக் டவுன்னு சொன்னியேப்பா?"

"தாங்க முடியாம ஒடைஞ்சு அழுதா, மனுசனுக்கும் அப்படித்தான் சொல்லுவாங்க மாமா."

சாலை வேலைக்காக ஷெட்டை இடித்துவிட்டிருந்தார்கள். அந்த இடத்தில் இருந்த சிமெண்டுத் தடுப்பின் மேல் நஞ்சப்பன் துண்டில் முகம் புதைத்து உட்கார்ந்திருந்தார். ஷுக்கூர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

நஞ்சப்பன் தலைதூக்கிப் பார்த்தார். "கவுறு எதுக்கு பாய்?"

"உன்னைக் கட்டி இழுக்கத்தான்."

"அறுந்துரும்." மூக்கைச் சிந்தினார். "இந்த எடம் வந்தாலே கண்ணை மூடிக்குவேன். இன்னைக்குப் பாத்து இவன் ஒண்ணுக்குப் போவ நிறுத்திட்டான். உன்னைப் பாத்தாலும் இப்படித்தான் ஆவும். அதான் உன் வூட்டுப் பக்கமே வரல."

"ஆனா ஆவட்டும். வூட்ல வந்து அழுவு. லாரிக்காரன் எல்லாம் வேடிக்கை பாக்கறான்."

நஞ்சப்பன் எழுந்தார். கார் பக்கம் போகவில்லை. ஷுக்கூரின் பைக்கில், ஸ்பானர் பையை மடியில் வைத்துக்கொண்டு, பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

"நவநீதா, பின்னாடியே வா," என்றார்.