நிமிர்த்திக்கொள்ளாத முதுகு

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. செலண்டாருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வயதில் வளையத் தொடங்கிய முதுகு, கல்யாணமான இரண்டு வருஷத்தில் இன்னும் வளைந்திருந்தது. வலது பக்கத்துத் தோள்பட்டை எலும்பு ரவிக்கைக்குள் மேடுதட்டி நிற்கும்.

மலாயாவில் வெள்ளைக்காரர்கள் அவசரகாலம் போட்டிருந்த நேரம் அது. தோட்டத்தைச் சுற்றி முள்வேலி. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் அரிசி கொண்டுபோய்விடக் கூடாது என்று, காலையில் வேலைக்குப் போகிறவர்களை வாசலில் நிறுத்திச் சோதிப்பார்கள். பெண்களைத் தடவிப் பார்க்கப் புதிதாக வந்தவள் என் முதுகில் கை வைத்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

“இது என்னா? என்னாத்த கட்டி வெச்சிருக்க?”

“எலும்புக்கா.”

“பொய் சொல்லாத லா. கழட்டு.”

தகரத் தடுப்புக்குப் பின்னால் கழற்றிக் காட்டினேன். பார்த்தாள். பிறகு அவளே கொக்கிகளை மாட்டிவிட்டு, “மன்னிச்சுக்கம்மா” என்றாள். வரிசையில் நின்ற பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேன். அவர் தோட்டத்து லோரி ஓட்டியவர், அதிகம் பேசமாட்டார். “மலாக்கா ஆஸ்பத்திரியில காட்டுவோம்” என்று மட்டும் சொன்னார். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு இருவரும் பஸ் ஏறினோம்.

வெள்ளைக்கார டாக்டர் பேசியதை ஒரு யாழ்ப்பாணத்து நர்ஸ் தமிழில் சொன்னார். காலிலிருந்து எலும்பு எடுத்து முதுகெலும்போடு ஒட்டவைப்பார்களாம். கழுத்திலிருந்து இடுப்பு வரை மாவுக்கட்டு. ஒரு வருஷம், அதில் பாதி படுக்கையில்.

“நிமிர்ந்திடுமா மிஸ்ஸி?”

“கொஞ்சம் நிமிருமாம். இனி வளையாமல் பிடிச்சு வைக்கிறதுதான் முக்கியம். நோவு முழுக்கப் போகுமெண்டு சொல்ல ஏலாதாம்.”

“செய்யாட்டி?”

“இன்னும் வளையலாம். வயசு போகப் போக மூச்சு வாங்கலாம். அதுவும் நிச்சயமில்லையாம்.”

ஒரு மாதம் கழித்து வந்து முடிவைச் சொல்லும்படி அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு ஆசைதான். கண்ணாடியில் இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் நிற்பதைப் பார்க்க வேண்டும் என்று அவ்வளவு ஆசை. ஆனால் ஒரு வருஷம் என்பது எவ்வளவு என்று தெரியவில்லை. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிந்ததிலிருந்து எழுந்திருக்காமல் படுத்துப் பார்ப்பதென்று தீர்மானித்தேன்.

அவர் சோறாக்கி, டின் மீனில் குழம்பு வைத்து எனக்கு ஊட்டிவிட்டார். உப்பு கரித்தது, நான் சொல்லவில்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளின் சத்தங்களைப் படுத்தபடியே கேட்டேன்: குழாயடிச் சண்டை, பக்கத்து வீட்டில் அம்மி அரைப்பது, யாரோ ரேடியோவைத் திருகுவது. அந்த நாளைப் போல அவர் என்னோடு பேசியதே இல்லை. சின்ன வயதில் ரெம்பியாவில் குளத்தில் விழுந்த கதையெல்லாம் சொன்னார்.

நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. கொடியில் துணி கிடந்தது. நான் எழுந்து ஓடிவிட்டேன். நனைந்த துணிகளோடு திரும்பியபோது அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“ஒரு வருசம் படுக்கப் போறாளாம்!”

நானும் சிரித்தேன். பிறகு அவர் மெதுவாகக் கேட்டார். “நீ செஞ்சிக்கணும்னா சொல்லு. நான் பாத்துக்குறேன். எனக்காக மட்டும் செஞ்சிக்காத.”

அப்போதுதான் எனக்கே பிடிபட்டது. வலியை நான் சுமந்துகொள்வேன். தாங்க முடியாதது அடுத்தவர் பார்வைதான். அதற்கு வெட்டி ஒட்டும் வைத்தியம் கிடையாது.

வேண்டாம் என்று சொல்லப் போனபோது நர்ஸ் கேட்டார்: “வடிவா யோசிச்சனீரே?”

“யோசிச்சிட்டேன் மிஸ்ஸி.”

இரண்டு பிள்ளைகள் பெற்றேன். முதுகு இன்னும் வளைந்தது. தப்புப் பண்ணிவிட்டோமோ என்று நினைத்த நாட்களும் உண்டு, பொய் சொல்ல மாட்டேன். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது மலாக்கா பக்கம் புக்கிட் பெருவாங்கில் மகள் வீட்டில் இருக்கிறேன். மாடிக்குப் போக நடுப்படியில் ஒருதரம் நிற்க வேண்டியிருக்கிறது. மூச்சு வாங்கிக்கொண்டு, ஏறிவிடுகிறேன்.