வெர்டெல் டாலிவருக்கு ஒரு சாட்சி

அமெரிக்காவின் அலபாமாவில் நான் இருந்த மாவட்டத்தில் பாதிக்கு மேல் கறுப்பர்கள். வாக்காளர் பட்டியலில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. 1964இல் வெர்டெல் டாலிவர் அதில் ஏறப் பார்த்தார். வெள்ளையர் வீட்டுத் துணிகளைத் துவைத்துத் தேய்த்துக் கொடுக்கும் பெண். அவருடைய மகனின் கையை ஷெரிப், ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் போலீஸ் தலைவர், உடைத்திருந்தார். அடுத்த தேர்தலில் அந்த ஆளுக்கு எதிராக ஒரு ஓட்டு. வெர்டெல் கேட்டது அவ்வளவுதான்.

பட்டியலில் ஏறத் தேர்வு உண்டு. அரசியல் சட்டத்தில் ஒரு பகுதியைப் பிழையில்லாமல் எழுத வேண்டும். செனட்டருக்கு எத்தனை ஆண்டு பதவி, ஜனாதிபதி இறந்தால் அடுத்து யார் என்றெல்லாம் கேட்பார்கள். தேய்க்கும் மேசைக்கு எதிர்ச் சுவரில் கேள்விகளை ஒட்டிவைத்து வெர்டெல் படித்தார். வாக்காளர் பதிவு அலுவலகம் திறப்பதோ மாதத்தில் இரண்டே திங்கட்கிழமை. இதற்கெல்லாம் மேலே இன்னொரு தடை: ஏற்கெனவே ஓட்டுள்ள ஒருவர் வந்து, இவரை எனக்குத் தெரியும் என்று சாட்சி சொல்ல வேண்டும். ஓட்டுள்ளவர்கள் வெள்ளையர்கள் மட்டும்தான்.

தீவனக் கடை ஹாலிஸ் புரூயிட் ஒப்புக்கொண்டார். இருபத்திரண்டு வருடமாக அவருடைய சட்டைகள் வெர்டெலிடம்தான் போய்வந்தன.

நான் வெர்டெலைக் காரில் கூட்டிப்போனேன். பக்கத்துக் கறுப்பர் கல்லூரியில் பாடம் நடத்த வந்த வேற்று நாட்டுக்காரன்; என் விசா தாள்களை எவனாவது கேட்டுவிடுவானோ என்று கதவோரமே நின்றுகொண்டேன்.

வெர்டெல் ஒரு கேள்விக்கும் தடுமாறவில்லை. பதிவாளர் தாளை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். தப்பு கிடைக்கவில்லை. ஹாலிஸ் பக்கம் திரும்பினார்.

"இவள உனக்குத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும். நம்ம வெர்டி. என் சட்டையெல்லாம் இவதான் தேய்க்கிறா."

"முழுப் பேர் என்ன?"

ஹாலிஸ் திரும்பி வெர்டெலைப் பார்த்தார். அங்கே வெள்ளையர் யாரும் கறுப்புப் பெண்ணைக் குடும்பப் பெயர் சொல்லி அழைப்பதில்லை, கேட்டுவைத்துக்கொள்வதும் இல்லை.

"டாலிவர்ங்க ஐயா," என்றார் வெர்டெல்.

"உன்னக் கேக்கல, சாட்சியக் கேட்டேன். பேரே தெரியாத ஆளுக்கு என்னய்யா சாட்சி?" பதிவாளர் தாளை மேசை இழுப்பறைக்குள் போட்டார்.

வெளியே ஹாலிஸின் முகம் சிவந்திருந்தது. "ஏன் வெர்டி, முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? என் மானமே போச்சு."

"நீங்க கேக்கலையே, மிஸ்டர் ஹாலிஸ்."

"சரி சரி, எழுதிக் குடு. அடுத்த தடவ சொல்றேன்."

வெர்டெல் என் பேனாவை வாங்கி முழுப் பெயரை எழுதி, மடித்துக் கொடுத்தார். ஹாலிஸ் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை ஹாலிஸ் வீட்டுத் துணி மூட்டையில் அந்தச் சட்டையே வந்தது. பையில் அந்தத் தாள்.

"படிச்சுட்டு மறந்திருப்பாரோ?" என்றேன்.

"பிரிக்கவே இல்ல சார். என் மடிப்பு எனக்குத் தெரியாதா?"

"சட்டைய என்ன செஞ்சீங்க?"

"கஞ்சி போட்டுத் தேச்சேன். நாளைக்கு அவருக்கு அது வேணுமே."

அலுவலகம் அடுத்து திறந்த திங்கட்கிழமை, படியில் வெர்டெலோடு மதியம்வரை நின்றேன். சாட்சி வரவில்லை.